அஸர் நேரத்தில் ஒரு மஃரிப் பாங்கு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் சஜீத் சொல்லிவிட்டுப் போன சொல் இன்னும் அந்த வெள்ளவத்தை வீட்டை விட்டுப் போகவில்லை.

"வாப்பாவ இனி வீட்டில வச்சிக்க ஏலா. வியாழக்கிழமை வேன் வரும்."

இன்று வியாழக்கிழமை.

இந்த வாரம்தான் கதைக்குள் நுழைகிறீர்கள் என்றால், இந்தக் குடும்பத்தைப் பற்றி நாலு வரி. வாப்பா, அதாவது தகப்பன் ஸாலிஹ் ஹாஜியார், துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி மௌத்தாகி நாளாகிறது. நீரிழிவு நெடுநாளாக உண்டு. மூன்று வருடமாக அவருக்கு மறதி நோயும். பேரப்பிள்ளைகளின் பெயர் போயிற்று, தொழுதோமா இல்லையா என்பது போயிற்று. ஆனால் மனிதர் சாது. ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்பாரே தவிர யாரையும் ஒரு சொல் கடிந்ததில்லை.

மூத்தவள் லுத்பியா மாளிகாவத்தை பிளட்ஸ் மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். அடுத்தவன் சஜீத், தெமட்டகொடையில் டயர் கடை. மூன்றாமவள் ஷிம்னாதான் வாப்பாவோடு இருந்து பார்த்துக்கொள்கிறாள். கடைக்குட்டி இன்ஸாப் வாப்பாவோடு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஐந்து வருடம். அவன் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

நோன்பு தொடங்கிப் பத்து நாளாகிறது, அதோடுதான் எல்லாம் மாறியது. சாதுவாக இருந்த மனிதர் பின்னேரமானால் கத்தத் தொடங்கினார். "யார் நீ?" என்று சஜீத்தின் சேர்ட்டைப் பிடித்தார். போன வாரம் ஷிம்னாவைத் தள்ளிவிட்டார். அவள் மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துத்தான் சஜீத் அவிசாவளைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தோடு பேசினான். அவனைக் கல்நெஞ்சன் என்று நினைத்துக் கடிதம் எழுதிய வாசகர்களே, கொஞ்சம் பொறுங்கள்.

மதியத் தொழுகையான லுஹரை முடித்த கையோடு லுத்பியா வந்து சேர்ந்தாள். வாப்பாவின் சாரன்களை மடித்துப் பையில் வைக்க வந்தவள், ஒரு சாரனை மடிப்பதற்குள் மூன்று தரம் அழுதாள்.

"எனக்கு வெளங்கவே இல்ல ஷிம்னா. சஜீத் செல்றான், வாப்பாவப் பாக்கப் பயமா ஈக்கி என்டு. நான் பாக்கிற வாப்பா நல்லாத்தானே ஈக்கார்? நேத்து ராவும் எனக்கு கத சொன்னாரே. அவன் பொய் செல்றானா?"

"சஜீத் நானா பொய் செல்லல்ல ராத்தா."

"அப்ப நான் பொய்யா?"

ஷிம்னா ராத்தாவின் கையிலிருந்த சாரனை வாங்கி வைத்தாள்.

ராத்தா லுத்பியாவும் பொய் சொல்லவில்லை. நானா சஜீத்தும் பொய் சொல்லவில்லை. இந்த எளிய விஷயம் பத்து நாளாக அவள் மண்டையில் ஏறவில்லை. சஜீத் பின்னேர அஸர் தொழுகை நேரத்துக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருவான், அரை மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவான். லுத்பியா நோன்பு துறக்கிற நேரத்துக்குக் கஞ்சியோடு வருவாள், ராத்தங்கிக் காலையில் போவாள். ஒருவன் கண்டது ஒரு வாப்பா. மற்றவள் கண்டது வேறொரு வாப்பா.

"ராத்தா, நீங்க கதவால வரக்குள்ள வாப்பா எப்பிடி ஈப்பார்?"

"கொஞ்சம் மொறைப்பார்தான். பேரீச்சம்பழம் ரெண்டு திண்டு, கஞ்சிய குடிச்சா சிரிப்பு வந்துடும்." லுத்பியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சற்றே நிமிர்ந்தாள். "என்ட கஞ்சிட கைராசி அப்பிடி."

கைராசியைப் பற்றி லுத்பியாவிடம் யாரும் தர்க்கம் பண்ணக் கூடாது. ஷிம்னாவும் பண்ணவில்லை. அவள் யோசனை வேறொரு இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை கொட்டாஞ்சேனையில் மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு ஒரு வகுப்பு நடக்கும். ஷிம்னா அதற்குத் தவறாமல் போவாள். அதற்காகவே குடும்பத்தில் அவளுக்கு 'டொக்டரம்மா' என்று பட்டம். அங்கே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: மறதி நோயுள்ளவர்களுக்குப் பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது உண்டு. வாப்பாவுக்கும் அதுதான் என்று அவளே முடிவு கட்டி, அவளே சஜீத்துக்கும் விளக்கியிருந்தாள். அரைகுறையாய்க் கேட்ட பாடம் என்ன செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஏனென்றால் அந்தக் குழப்பம் இருட்ட இருட்டக் கூடுகிற குழப்பம். வாப்பாவுக்கோ இருட்டியதும் தெளிகிறது. அதுவும் எப்போது? வாயில் இனிப்புப் பட்டதும்.

அதே வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்களே! மறதி மெல்ல மெல்ல நகரும். பத்து நாளில் ஒரு மனுஷன் தலைகீழாக மாறினால் அதை மறதியின் தலையில் போடாதீர்கள். வேறு காரணம் தேடுங்கள்.

"ராத்தா, வாப்பாட சீனி பாக்கிற மெஷின் எங்க?"

அவள் கேட்டு முடிக்கவில்லை. உள்ளறையில் கதிரை ஒன்று விழும் சத்தம் கேட்டது.

ஸாலிஹ் ஹாஜியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடற்காற்று வீசுகிற அறையில் அவருடைய பெனியன் தெப்பமாய் நனைந்திருந்தது. உதடு வெளுத்து, கை நடுங்கியது.

"யார் நீங்கள்ளாம்? என்ட ஊட்டுல எனத்தியன் செய்றீங்க?"

சரியாக அந்த நேரம் பார்த்து சஜீத் படியேறி வந்தான். அவனுக்குப் பின்னால் வேன் டிரைவரின் செருப்புச் சத்தம்.

"பாத்தியா?" என்றான் சஜீத். குரலில் கோபத்தை விடக் களைப்புத்தான் அதிகம். "ஒவ்வொரு நாளும் இதத்தான் பாக்கிறன். ராத்தா, பைய எடுங்க."

"நானா, ரெண்டே நிமிஷம் தாங்க. வாப்பாட கையப் பிடிங்க. சீனி பாக்கணும்."

"காலையில பாத்து நல்லா ஈக்கி என்டுதானே செல்லுவ?"

"காலையில நல்லாத்தான் ஈக்கி. பின்னேரம் நான் ஒரு நாளும் பாக்கல்ல. அதுதான் பிழை."

சஜீத் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அதில் என்ன கண்டானோ, வாப்பாவைப் பின்பக்கமாக அணைத்துக் கதிரையில் உட்கார வைத்தான். விரலில் ஊசி குத்தியதும் கிழவர் அலறினார். ஷிம்னாவின் வீங்கிய கையிலேயே மறுபடி ஓர் அடி விழுந்தது. அவள் மெஷினை விடவில்லை.

இரண்டு தசம் மூன்று.

"கூடவா?" என்றாள் லுத்பியா.

"குறைவு. நாலுக்குக் கீழ போகவே கூடாது. சீனி இல்லாம வாப்பாட மூளை பட்டினி கிடக்கு ராத்தா. இது மறதி இல்ல!"

அவள் அடுப்படிக்கு ஓடி ஒரு கோப்பைத் தண்ணீரில் நாலு கரண்டி சீனியைக் கரைத்துக்கொண்டு வந்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள். நீங்களும் அப்படி நினைத்திருந்தால் ஸாலிஹ் ஹாஜியாரை உங்களுக்குத் தெரியாது.

"நோன்பு!" என்று அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

நோன்பு அவருக்குக் கடமை இல்லை. மௌலவி வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் பாண் ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டவர்தான். ஆனால் வீடே நோன்பில் இருக்கும்போது தானும் நோன்பு என்று அவருக்கு ஒரு நினைப்பு. பகல் சாப்பாட்டுக்கு அவரை இணங்க வைப்பதே இப்போதெல்லாம் பெரும்பாடு. ஒரு பிஸ்கட்டும் பிளேன்டீயும்தான் உள்ளே போகும்.

"வாப்பா, மருந்து வாப்பா," என்றாள் லுத்பியா.

"நோன்புல மருந்தா? எந்த ஊரு முஸ்லிம் நீ?"

"வாப்பா, ஒங்களுக்கு நோன்பு இல்ல," என்றான் சஜீத்.

அவ்வளவுதான். கோப்பை பறந்தது. சீனித் தண்ணீர் சுவரெல்லாம் வழிந்தது.

அவர் தலை மெல்லத் தொங்கத் தொடங்கியது. கண்ணிமை கனத்தது. மயங்கிவிட்டால் வாயால் எதுவும் கொடுக்க முடியாது. விழுங்குகிற சுரணை இருக்கும்போதே உள்ளே போக வேண்டும். இப்போதே போக வேண்டும்.

தர்க்கம் பண்ணாதீர்கள், அவர்கள் இருக்கிற இடத்துக்கு நீங்கள் போங்கள் என்பார்கள் வகுப்பில். வாப்பா இருக்கிற இடம் நோன்பு. நோன்பிலிருந்து வெளியே வர ஒரே ஒரு வாசல்தான் உண்டு.

"நானா, பாங்கு சொல்லுங்க."

"எனத்த?"

"நோன்பு துறக்கிற பாங்கு, மஃரிப் பாங்கு. இப்ப. சத்தமா."

"ஒனக்கும் பைத்தியமா? இப்பதான் அஸர். பள்ளியில கஞ்சி வாங்கவே ஆக்கள் வரிசையில நிக்கிறாங்க."

"பாங்கு கேட்டா வாப்பா துறப்பார் நானா. வேற எதுக்கும் வாய் திறக்க மாட்டார்."

"நேரம் வராம பாங்கு சொன்னா பாவம் இல்லையா?" என்றாள் லுத்பியா.

சஜீத் ஒரு கணம்தான் நின்றான். பிறகு தலையில் தொப்பி இல்லாமல், கால் கழுவாமல், டயர் கறுப்புப் படிந்த கைகளைக் காதில் வைத்தான்.

"பாவம் என்டா என்ட தலையில எழுதட்டும்," என்றான்.

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்..."

சின்ன வயதில் வாப்பா அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ரயில் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி சொல்லப் பழக்கிய பாங்கு. இருபத்தைந்து வருடமாக அவன் சொன்னதே இல்லை. முதலில் குரல் உடைந்தது. பிறகு ஏறியது. வாசலில் நின்ற சிங்கள டிரைவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார்.

கிழவரின் இமை திறந்தது. கை தானாகவே முன்னால் நீண்டு எதையோ தேடியது.

லுத்பியா கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தை அந்தக் கையில் வைத்தாள். "பிஸ்மில்லாஹ்," என்றார் ஸாலிஹ் ஹாஜியார். வாய் திறந்தது. ஒன்று. பிறகு இன்னொன்று. ஷிம்னா புதிதாகக் கரைத்த சீனித் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தாள். ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் குடித்தார்.

பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"என்ன மகன், பாங்கு சொல்லியாச்சா? என்ட மணிக்கூடு நிண்டு போச்சா?" பீபி மாமி கையில் பேரீச்சம்பழத்தோடு நின்றாள்.

"துறந்துடாதீங்க மாமி! அல்லாஹ்வுக்காக வாயில வச்சிடாதீங்க!" என்று சஜீத் பாங்கின் கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். மாமியின் கையிலிருந்ததை அவனே பறித்தானாம். அந்த ஒழுங்கையில் இன்னும் பத்து வருடத்துக்கு இதுதான் கதை.

கால் மணித்தியாலம் போயிற்று. ஷிம்னா இரண்டாம் தரம் விரலில் குத்தினாள். இந்த முறை அலறல் இல்லை.

"மெல்ல மகள். நோவுது," என்றார் வாப்பா.

நாலு தசம் எட்டு.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நனைந்த சுவரைப் பார்த்தார். வாசலில் தள்ளி நின்றவனைப் பார்த்தார்.

"சஜீத், ஏன்டா அங்க நிக்கிற? உள்ளுக்கு வா."

பத்து நாளாகத் தன்னை யாரென்று கேட்ட வாயிலிருந்து தன் பெயர் வந்ததும் சஜீத் அப்படியே தரையில் குந்தி, வாப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். டயர் கடை முதலாளி அழுவதைப் பார்த்த டிரைவர் நாகரிகமாக வெளியே போய் நின்றுகொண்டார்.

"ஏன் சீனி இவ்வளவு இறங்கின?" ஷிம்னாவுக்கு நிம்மதியோடு சேர்ந்து கேள்வியும் வந்தது. "காலையில சாப்பிட்ட பிறகு ஒரே ஒரு சீனிக் குளிசைதானே குடுக்கிறன்."

"நீ எங்க குடுக்கிற? நான்தானே குடுக்கிறன்," என்றாள் லுத்பியா.

"எப்ப குடுக்கிற ராத்தா?" என்றாள் ஷிம்னா.

"விடிய முன்ன நான் சஹர் சாப்பாட்டுக்கு எழும்புற சத்தத்தில வாப்பாவும் எழும்பிடுவார்தானே. சஹருக்கு என்னோட ஒக்காந்து சோறு தின்பார். கவர்ல 'காலை, சாப்பிட்ட பின்' என்டு எழுதியிருக்கி. நான் சஹர் சாப்பாடு முடிஞ்ச கையோட குடுத்துடுவன். நீ தூங்குவதானே, எதுக்கு எழுப்புற என்டு..."

ஷிம்னா நடுச்சாமம் வரை வாப்பாவோடு விழித்திருப்பாள். படுக்கும் முன்பே சஹர் சோற்றைச் சாப்பிட்டு, நாளைக்கு நோன்பு வைக்கிறேன் என்ற நிய்யத்தும் வைத்துவிடுவாள். சுபஹுத் தொழுகைக்கு லுத்பியா எழுப்பினால்தான் விழிப்பாள். பிறகு காலையில் வாப்பாவுக்குப் பாண் கொடுத்து, அதே கவரைப் படித்து, அதே மாத்திரையைக் கொடுப்பாள்.

நோன்பு வைத்த ராத்தாவுக்கு நாளின் முதல் சாப்பாடு சஹர். நோன்பு இல்லாத வாப்பாவுக்கு முதல் சாப்பாடு பாண். இருவரும் எழுதியிருந்ததைச் சரியாகத்தான் படித்தார்கள். இருவரும் பாசத்தோடுதான் கொடுத்தார்கள்.

"அல்லாவே! நான்தான் வாப்பாவ கொல்லப் பாத்திருக்கன்!" லுத்பியா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஷிம்னா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். "அப்பிடி என்டா நானும்தான். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேக்கல்ல. அவ்வளவுதான். அழுறத பொறகு அழுவம். இப்ப ஹாஸ்பிட்டல் போகணும்."

"இப்பதான் நல்லாயிட்டாரே?" என்றான் சஜீத்.

"குளிசை இன்னும் ஒடம்புல ஈக்கி நானா. சீனி திரும்பவும் இறங்கும். ராவைக்கு டொக்டர்மார் பாத்துக்கொண்டு ஈக்கணும்."

போன வாரமாக இருந்தால் 'டொக்டரம்மா வந்துட்டா' என்றிருப்பான். இன்று சஜீத் உடனே எழுந்தான். வாப்பாவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கினான். அவிசாவளைக்குப் போக வந்த வேன் கீழே நின்றது.

"யமுத மஹத்தயா?" போகலாமா என்று கேட்டார் டிரைவர்.

"யமு. ஆனா அவிசாவளைக்கு இல்ல," என்றான் சஜீத். தமிழில் சொன்னதை மறுபடி சிங்களத்தில் சொன்னான். டிரைவர் வாப்பாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் ஹோனில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

வார்ட்டில் டொக்டர் சுபாஷினி எல்லாவற்றையும் கேட்டாள். குளிசைப் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இரவு இங்க வச்சிருப்பம். குளிசையையும் மாத்தி, யார் எப்ப குடுக்கிறது என்டும் எழுதித் தாறன். நோன்பு மாசத்தில சாப்பாட்டு நேரம் மாறுது என்டா முதலே எங்களோட கதைச்சிருக்க வேணும்," என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "இத இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா நிலைமை வேற. மறதி நோய் இருக்கிற ஆளென்டா எல்லாத்தையும் மறதியின்ட தலையில போட்டிட்டு விட்டிடுவினம். இத யார் கண்டுபிடிச்சது?"

சஜீத் முன்னால் வந்தான்.

"என்ட தங்கச்சி," என்றான். அந்த வார்ட்டின் கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி சொன்னான். "ஷிம்னா. வகுப்புக்குப் போய்ப் படிச்சவ. நான் அவட வகுப்ப பகிடி பண்ணினவன் டொக்டர். அடுத்த சனிக்கிழமை நானும் போறன். ராத்தாவும் வருவா."

ஷிம்னா வீங்கிய கையால் கண்ணைத் துடைத்தாள். மூன்று வருடத்தில் அவளுக்கு வீட்டில் கிடைத்த முதல் நல்ல சொல் அது. அவளுக்குப் பறக்க வேண்டும் போலிருந்தது.

அவிசாவளை இல்லத்துக்கு சஜீத் அங்கிருந்தே போன் எடுத்தான். "வாப்பா வரமாட்டார். ஓ, எப்பவும்தான். அவருக்கு ஊடு ஈக்கி." இதைச் சொல்வதற்காகவே ஷிம்னாவின் பக்கத்தில் வந்து நின்று பேசினான்.

மஃரிப் வந்தது. பக்கத்துப் பள்ளியிலிருந்து பாங்கு ஒலித்தது. மூவரும் கட்டிலைச் சுற்றி நின்று பேரீச்சம்பழத்தை எடுத்தார்கள். வாப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். நெற்றியைச் சுருக்கினார்.

"இன்டைக்கி என்ன ரெண்டு தரம் பாங்கு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பின்னேரம் முழுக்க அவர் ஒன்றை மறக்காமல் வைத்திருந்திருக்கிறார்!

"மொதல்ல சொன்னவன் சஜீத். கடைசி வரிய விட்டுட்டான், கள்ளன்," என்றார் வாப்பா. பிறகு தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "இன்ஸாப் அப்பிடி விட மாட்டான். நேத்தும் சஹருக்கு வந்து என்னோட சோறு திண்டுட்டுத்தானே போன."

சஜீத்தின் சிரிப்பு வாடியது. "பாவம், மறதி," என்று முணுமுணுத்தான்.

ஷிம்னா அப்படி விட்டுவிடவில்லை. எல்லாவற்றையும் மறதியின் தலையில் போடக் கூடாது என்பதை இன்று கொடுக்காத விலை கொடுத்துப் படித்திருக்கிறாள். சில நாட்களாகக் காலையில் அடுப்படியில், அவள் படுக்கும் முன் கழுவி வைத்தது போக, மூன்று பீங்கான் தட்டுகள் கழுவிக் கவிழ்த்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். சஹர் சாப்பிடுவது ராத்தாவும் வாப்பாவும், இரண்டே பேர். இந்த நோன்புக்கு இரவெல்லாம் நானே தங்குகிறேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிக்கொண்டதும் ராத்தாதான்.

"ராத்தா," என்றாள் மெல்ல. "நேத்து சஹருக்கு ஊட்டுக்கு யார் வந்த?"

பாங்கு சொல்லி முடிந்திருந்தது. எல்லோரும் நோன்பு துறந்துவிட்டார்கள். லுத்பியாவின் கையிலிருந்த பேரீச்சம்பழம் மட்டும் இன்னும் வாய்க்குப் போகவில்லை.